பல்கியா காய்ச்சிய பால்

என் அண்ணன் ஒராஸ் பல்கியாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது, எங்கள் கூட்டுப் பண்ணையில் அவளைப் போலப் பால் கறக்க ஆள் கிடையாது. உதைக்கிற மாடு என்று மற்றப் பெண்கள் ஒதுங்கிப் போகும் மாட்டின் மடியில்கூட அவள் கை வைத்துவிடுவாள். கொஞ்சிப் பேசிக் கறப்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அண்ணி திட்டுவாள். "உங்க ஆத்தாளுக்கு இருந்த கொழுப்பு உனக்கும் இருக்குடி, காலை எடு" என்பாள். மாடு காலை எடுத்துக்கொள்ளும். பண்ணைத் தலைவர் கஸென் அவளுடைய படத்தை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். வருகிற அதிகாரிகளிடம் எல்லாம் அதைக் காட்டுவார்.

நான் ஸாவ்லெ. ஒராஸின் தங்கை. கஸாக் புல்வெளியில் இருக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவள். அண்ணியின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். அதனால் அவளுக்கு நேர்ந்ததை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், புல் காய்ந்து மஞ்சளாகிற பருவம். ஊருக்குள் ராணுவ லாரிகள் வந்தன. மலைக்கு அந்தப் பக்கம் வேலி போட்ட இடத்தில் ஏதோ நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சில வருஷங்களாகவே அங்கிருந்து இடி மாதிரிச் சத்தம் வரும், ஜன்னல் கண்ணாடி உடையும். ஆனால் ஊரையே காலி பண்ணச் சொன்னது அப்போதுதான். லாரியின் மேல் ஏறி நின்று ஓர் அதிகாரி பேசினார்.

"அமெரிக்காக்காரன் நம்மளை அழிக்கிறதுக்குக் குண்டு செஞ்சு வச்சிருக்கான். நம்மகிட்டயும் இருக்குன்னு காட்டினாத்தான் அவன் சும்மா இருப்பான். கொஞ்ச நாள் வெளியில தங்கிட்டு வாங்க. உங்க வீடு வாசல் எல்லாம் அப்படியே இருக்கும்."

எல்லோரும் லாரியில் ஏறினோம். ஆனால் சில ஆண்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். ஆடுமாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். அதில் ஒராஸும் ஒருவன். அண்ணி அப்போது கர்ப்பமாக இருந்தாள். லாரியிலிருந்து இறங்கி அவனிடம் போனாள்.

"ஊரே போகுது, நீங்க மட்டும் எதுக்கு இருக்கணும்?"

"மாட்டை யாரு பாக்கிறது? அமெரிக்காக்காரன் வந்தா நான் நிறுத்தி வைக்கிறேன். நீ நிம்மதியாப் போ."

"நீங்க நிறுத்திக் கிழிப்பீங்க. வீட்டுக் கோழியைக் கூண்டுல அடைக்கத் தெரியல."

ஒராஸ் சிரித்தான். பக்கத்தில் நின்ற சிப்பாயும் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமலே சிரித்தான்.

நாங்கள் மலைகளுக்கு அப்பால் கூடாரத்தில் தங்கினோம். ஒருநாள் காலையில் வெளிச்சம் வந்தது. சூரியன் ஏற்கெனவே கிழக்கில் இருந்தது, இது வேறு பக்கத்திலிருந்து வந்தது. பிறகு தரை ஆடியது. குதிரைகள் மண்டியிட்டன. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தபோது ஊர் இருந்தது. நாய்களுக்கு முடி கொட்டியிருந்தது. புல்லின் மேலும் கிணற்று மேடையிலும் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தது. ஒராஸ் கொஞ்சம் இளைத்திருந்தான், ஆனால் உற்சாகமாகப் பேசினான்.

"எங்களை மலைச்சரிவுல குப்புறப் படுக்கச் சொன்னாங்க. கம்பளியைத் தந்து போத்திக்கச் சொன்னாங்க. நான் கம்பளியைத் தூக்கிப் பாத்தேன். அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் முகமூடி போட்டவங்க வந்தாங்க. ஒரு பெட்டியை எங்க உடம்பு மேல கொண்டுவந்து காட்டினாங்க. வெட்டுக்கிளி மாதிரி அது டிக்டிக்னு கத்துச்சு. உடனே ஆளுக்கு ஒரு பாட்டில் வோட்கா குடுத்துக் குடிங்க, உடம்புக்கு நல்லதுன்னாங்க."

"எதுக்கு உங்களைப் போய் அங்க படுக்க வச்சாங்க? மாடு கீழதானே மேஞ்சுது?" என்று அண்ணி கேட்டாள்.

வோட்கா நல்ல வோட்கா என்று மட்டும் ஒராஸ் சொன்னான்.

அந்தக் குளிர்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஜிபெக் என்று பேர் வைத்தார்கள். எடை இல்லாத குழந்தை. கையில் வாங்கினால் கம்பளித் துணிதான் கனக்கும். அடுத்த வசந்தத்தில் வெள்ளை வண்டியில் மருத்துவர்கள் வந்தார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். அவர்களில் ஸினயீதா பாவ்லோவ்னா என்ற இளம் மருத்துவர் மட்டும் பிறகு வருஷா வருஷம் தவறாமல் வந்தார். எங்களைக் கனிவாக நடத்தியவர். குழந்தைகளுக்கு மிட்டாய் கொண்டுவருவார். எங்கள் வீடுகளில் மட்டும் எதையும் சாப்பிட மாட்டார். தண்ணீர்கூட நகரத்திலிருந்து குடுவையில் கொண்டுவந்ததைத்தான் குடிப்பார். ரஷ்யர்களுக்கு நம் சாப்பாடு பிடிக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஊரில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். மலைச்சரிவில் குப்புறப் படுத்த ஆண்கள்தான் முதலில் போனார்கள். வாயில் புண், மூக்கில் ரத்தம், பிறகு எழுந்திருக்க முடியாது. ஒராஸும் அப்படித்தான் செத்தான். ஜிபெக்குக்கு அப்போது ஐந்து வயது. என்ன நோய் என்று கேட்டால், மாட்டிலிருந்து வரும் காய்ச்சல், பச்சைப் பாலைக் குடிப்பதால் பரவுகிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

ஒராஸ் செத்த பிறகு வந்த வசந்தத்தில் பண்ணைக் கூட்டம் நடந்தது. ஸினயீதா பாவ்லோவ்னா நோயைப் பற்றிப் பேசினார். பாலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றார். பேசி முடித்ததும் அண்ணி எழுந்தாள்.

"டாக்டரம்மா, இந்த ஊர்ல என்னை விடப் பச்சைப் பால் குடிச்சவ யாரும் கிடையாது. கறக்கும்போதே குடிப்பேன். எனக்கு ஏன் ஒண்ணும் வரல?"

அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பின்வரிசையில் அவரோடு வந்த ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். மருத்துவர் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சில பேர் உடம்புல நோய் தங்கும். அவங்களை ஒண்ணும் பண்ணாது. ஆனா அவங்க கை பட்டதுல இருந்து மத்தவங்களுக்குப் பரவும்."

அவர் யாரையும் பேர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அண்ணியின் கைகளைப் பார்த்தார்கள். அவளும் பார்த்துக்கொண்டாள்.

மறுநாளே கஸென் அவளைப் பால் தொழுவத்திலிருந்து நீக்கினார். சுவரிலிருந்த படமும் போய்விட்டது. பள்ளிக்கூட அடுப்புகளுக்கு நிலக்கரி சுமக்கிற வேலை கொடுத்தார்கள். ஒராஸோடு மலையில் கிடந்தவர்களின் மனைவிகள் அவளைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். கல்யாண வீட்டில் அவள் மாவு பிசைய உட்கார்ந்தால், "நீ சும்மா இரும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். என் அம்மாவும் ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"என் மகனுக்கு நீ எத்தனை கிண்ணம் குடுத்தே?"

அண்ணி நிலக்கரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவர் கேட்டப்ப எல்லாம் குடுத்தேன் அத்தை."

அதற்குப் பிறகு அவள் பாலைக் காய்ச்ச ஆரம்பித்தாள். வீட்டில் ஜிபெக்குக்காக ஒரு பசு வைத்திருந்தாள். பிள்ளை நோஞ்சானாக இருக்கிறாள், நல்லாக் காய்ச்சி நிறையப் பால் கொடு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணி ஒருமுறை பொங்கவைத்ததோடு விட மாட்டாள். இறக்கி, ஆற்றி, மறுபடி அடுப்பில் வைப்பாள். பால் சுண்டிப் பழுப்பு நிறமாகி அடிப்பிடிக்கும். கரண்டி, பாத்திரம், துணி எல்லாவற்றையும் கொதிநீரில் போடுவாள். சாம்பலையும் சோப்பையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் இடுக்குகள் வெடித்துவிட்டன.

"அம்மா, கருகல் நாத்தம் அடிக்குது" என்று ஜிபெக் முகத்தைச் சுளிப்பாள்.

"நாத்தம் அடிச்சா நோய் செத்துடுச்சுன்னு அர்த்தம். குடி."

"அப்ப நோயும் சேந்துதானே என் வயித்துக்குள்ள போகுது?"

"வாயாடி. உங்க அப்பா மாதிரியே பேசு."

ஜிபெக் என் வகுப்பில் படித்தாள். அறுபத்திரண்டில் கியூபாவில் ஏவுகணை வைத்த விவகாரம் வந்தபோது, அமெரிக்கா எந்த நேரமும் நம் மேல் குண்டு போடும் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு விஷவாயு முகமூடிகள் வந்தன. மணி அடித்ததும் பிள்ளைகள் மேசைக்கு அடியில் போகவேண்டும். உயரமான தொப்பி போட்ட கொழுத்த அமெரிக்கன் குண்டின் மேல் உட்கார்ந்திருக்கிற படத்தைச் சுவரில் ஒட்டி, அவனைப் பற்றிப் பாடம் எடுத்தோம். அதே மாதங்களில்தான் மலைக்கு அந்தப் பக்கம் நம்முடைய குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அதற்கு நாங்கள் மேசைக்கு அடியில் போகக்கூடாது. கூரை இடிந்து விழலாம் என்பதால் வெளியே வந்து நிற்கவேண்டும். அமெரிக்கக் குண்டு என்றால் உள்ளே, நம் குண்டு என்றால் வெளியே. இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். ஜிபெக் மட்டும் குழப்பிக்கொள்ள மாட்டாள். "அத்தை, அமெரிக்காக்காரன் குண்டு எப்பவும் வரவே வராது, அதனால நான் வெளியிலயே இருக்கேன்" என்பாள். புழுதி அடங்கும்வரை சுவரோரமாக நின்று, எழும்புகிற மேகத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டு வயதில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நிற்கவில்லை. ஸினயீதா பாவ்லோவ்னா தன் வண்டியிலேயே நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். அண்ணியும் கூடப் போனாள். ஒரு வாரம் கழித்துப் பண்ணை லாரியில் சவப்பெட்டியோடு திரும்பி வந்தாள். அவளைத் தாங்கிப் பிடிக்கப் போனேன். கையை உதறினாள்.

"தொடாதே ஸாவ்லெ. உனக்கும் புள்ளைங்க இருக்கு."

ஜிபெக்கை ஒராஸுக்குப் பக்கத்தில் புதைத்தோம். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலையை அண்ணி செய்யவில்லை. கடைசியாகவும் தன் கை படவேண்டாம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பசுவைக் கசாப்புக்குக் கொடுத்தாள். அதன் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு சொட்டுப் பால் அவள் வீட்டில் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பால் விடாத தேநீரைக் குடிப்பவர் யாரும் இல்லை. அவள் குடித்தாள்.

கஸெனும் அதே நோயில் செத்தார். மலைச்சரிவில் படுத்தவர் அல்ல அவர். எங்களோடு கூடாரத்தில் இருந்தவர். பல்கியாவின் படத்தைச் சுவரில் மாட்டி, அவள் கறந்த பாலைப் போற்றியவர் வேறு எதனால் சாவார் என்று ஊர் பேசியது.

ஸினயீதா பாவ்லோவ்னாவின் வண்டி மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் வந்தது. அண்ணி எல்லோருக்கும் கடைசியில் வரிசையில் நிற்பாள். மருத்துவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிப்பார். கையுறை போட்ட கைதான், ஆனாலும் அவளைத் தொடுகிறவர் ஊரில் அவர் ஒருத்தர்தான். அதற்காகவே அண்ணி அந்த நாளை எதிர்பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும். தலை வாரி, வெளுத்த முக்காடு போட்டுக்கொண்டு போவாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் அமெரிக்கர்கள் வந்தார்கள்.

குண்டு போட அல்ல. இரண்டு நாட்டாரும் சமாதானமாகப் போகிறார்களாம். நம் குண்டு எத்தனை பெரியது என்று அவர்கள் வந்து அளப்பதும், அவர்கள் குண்டை நம் ஆட்கள் போய் அளப்பதும் என்று ஏற்பாடாம். எங்கள் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் அவர்களுக்கு ஒரு விருந்து வைத்தார்கள். கம்பளிக் கூடாரம் போட்டு, ஆடு அறுத்து, குதிரைப் பாலைப் புளிக்கவைத்துப் பெரிய தோல்பையில் தொங்கவிட்டிருந்தார்கள். மாஸ்கோவிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். ரஷ்ய மொழி தெரியும் என்பதால் என்னையும், அடுப்பு மூட்டுவதில் கெட்டிக்காரி என்பதால் அண்ணியையும் வரச் சொன்னார்கள். அண்ணி உணவைத் தொடக்கூடாது, கரி போட்டுத் தேநீர் கொதிக்கவைக்கும் சமோவாரை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அமெரிக்கர்களில் வெண்டல் என்ற பெரிய காதுகள் உள்ள மனிதர் ஒருவர் இருந்தார். உட்காருவதற்கு முன் பையிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்தார். விரிப்பின் மேலும், ரொட்டியின் மேலும், தரையிலும் அதைக் காட்டிக்கொண்டே போனார். அது டிக்டிக் என்று சத்தம் போட்டது.

அண்ணி கையிலிருந்த கரித் துண்டைக் கீழே போட்டாள்.

"ஸாவ்லெ, அது என்னன்னு கேளு."

"அண்ணி, பெரிய ஆளுங்க இருக்காங்க."

"உங்க அண்ணன் சொன்ன பெட்டி அது. கேளு."

கேட்டேன். நான் ரஷ்ய மொழியில் சொன்னதை ஓர் இளம் மொழிபெயர்ப்பாளன் ஆங்கிலத்தில் சொன்னான். வெண்டல் எங்களைப் பார்த்து மரியாதையாக விளக்கினார். பையன் யோசிக்காமல் அதை அப்படியே ரஷ்ய மொழியில் திருப்பிச் சொல்லிவிட்டான்.

"குண்டு வெடிச்ச இடத்துல ஒரு விஷம் தங்கும். கண்ணுக்குத் தெரியாது. மனுஷங்களுக்கு ரத்த நோய் வரும், புள்ளைங்களுக்கு ரொம்பக் கெடுதல். அது எவ்வளவு இருக்குன்னு இது சொல்லும். உங்களுக்கு வருஷா வருஷம் டாக்டருங்க வந்து பாத்திருப்பாங்களே, அவங்க சொல்லலையா?"

நான் அதை அண்ணியிடம் கஸாக் மொழியில் சொன்னேன். விஷம் என்பது ஊரில் எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரிந்ததுதான். வேலிக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி ஆண்கள் குடித்துவிட்டு முணுமுணுப்பதுண்டு. அண்ணி மட்டும் அதை நம்பியதே இல்லை. மருத்துவர் கையைப் பிடித்துச் சொன்னதைத்தான் நம்பினாள்.

அப்போது ஒரு கர்னல் எழுந்து கோப்பையைத் தூக்கினார். "நாப்பது வருஷம் நாம பகையாளியா இருந்தோம். ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் ஒரு குண்டுகூடப் போடல. ஒரு உயிர்கூடப் போகல. அதுக்காகக் குடிப்போம்" என்றார். எல்லோரும் குடித்தார்கள்.

அண்ணி வெண்டலின் முன்னால் போய் நின்றாள்.

"இவர்கிட்ட கேளு. இவங்களுக்கு எங்களைக் கண்டு பயமா இருந்துச்சான்னு."

கேட்டதும் அந்த மனிதர் சிரித்தார். "ரொம்பப் பயம். பள்ளிக்கூடத்துல மேசைக்கு அடியில ஒளிஞ்சிக்கச் சொல்லிக் குடுப்பாங்க. உங்க குண்டு எப்ப விழும்னு பயந்துகிட்டேதான் வளந்தேன். நல்லவேளை, கடைசிவரைக்கும் விழல."

"விழுந்துச்சே" என்றாள் அண்ணி. "உங்களுக்குன்னு செஞ்சது எல்லாம் இங்கதான் விழுந்துச்சு. என் புருஷன் மேல விழுந்துச்சு. என் புள்ள மேல விழுந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மிரட்டுறதுக்கு எங்களை வச்சுப் பாத்தீங்க. சொல்லு ஸாவ்லெ, ஒரு வார்த்தை விடாம சொல்லு."

நான் சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் கர்னலைப் பார்த்தான். பிறகு வெண்டலிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அதைக் கேட்ட வெண்டலின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து, மார்பில் கை வைத்துக் குனிந்தார். பிறகு அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். யாரோ படம் எடுத்தார்கள்.

"இவன் என்னத்தைச் சொன்னான்?" என்று அண்ணி கேட்டாள்.

பையன் என் முகத்தைப் பார்க்காமல் ரஷ்ய மொழியில் சொன்னான். "சமாதானத்துக்காக அந்த அம்மாவும் பிரார்த்தனை பண்றாங்கன்னு சொன்னேன். மன்னிச்சிடுங்க."

அடுத்த வருஷம் செய்தித்தாள்கள் எழுத ஆரம்பித்தன. எங்களுக்கு வந்தது மாட்டுக் காய்ச்சலே இல்லை, குண்டின் விஷம் மனிதரை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் அந்த வெள்ளை வண்டிகள் வந்தன என்று வெளிப்படையாகவே போட்டார்கள். நான் படித்துக் காட்டினேன். அண்ணி முழுவதையும் கேட்டாள்.

"டாக்டரம்மா எங்க இருக்காங்கன்னு விசாரி" என்றாள்.

ஸினயீதா பாவ்லோவ்னா ஓய்வு பெற்று நகரத்தில் தனியாக இருந்தார். நாங்கள் பேருந்தில் போனோம். கதவைத் திறந்தவர் அண்ணியை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே உட்காரச் சொல்லித் தேநீர் வைத்தார். அண்ணி கோப்பையைத் தொடவில்லை.

"நோய் என் கையில இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"அன்னைக்குக் கூட்டத்துல சொன்னப்பவும் தெரியும்."

"தெரியும் பல்கியா. நீ கேட்ட கேள்விக்கு வேற பதில் என்கிட்ட இல்ல. பின்னால ஒருத்தன் உக்காந்திருந்தான், பாத்திருப்பே. உண்மையைச் சொன்னா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். எனக்கு ஒரு பொண்ணு இருந்தா."

"எனக்கும் இருந்தா."

மருத்துவர் தன் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"நான் பாலைப் போட்டுக் காய்ச்சிக் காய்ச்சிக் கையெல்லாம் வெந்து உங்க முன்னால நிப்பேன். நீங்க மருந்து தடவி விடுவீங்க. அப்ப என்ன நினைச்சீங்க? சிரிப்பா இருந்துச்சா?"

"இல்ல. எழுதி வச்சேன். சுத்தமா இருக்கா, சொன்னதைக் கேக்கிறா, ரத்தத்துல மாத்தம் குறைவுன்னு எழுதினேன்."

அண்ணி எழுந்திருக்கப் போனாள். அப்போதுதான் மருத்துவர் அந்த இன்னொன்றைச் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம். இனி யாரிடமும் பொய் சொல்லக்கூடாது என்று முடிவு எடுத்தவராக இருந்திருக்கலாம். எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"ஒண்ணு உனக்குத் தெரியணும். பாலிலயும் அது இருந்துச்சு. சாம்பல் புல்லு மேல விழுந்துச்சு, மாடு தின்னுச்சு, பால் வழியா வந்துச்சு. உன் தப்பு இல்ல அது. எல்லார் வீட்டுப் பாலிலயும் இருந்துச்சு. காய்ச்சினாப் போகாது."

அண்ணி மறுபடி உட்கார்ந்தாள்.

"ஜிபெக்குக்கு நிறையப் பால் குடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப எங்களுக்கே முழுசாத் தெரியாது. அப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்ப அவ இருந்தாளா?"

ஸினயீதா பாவ்லோவ்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருந்தா" என்றார்.

திரும்பி வரும் வழியில் அண்ணி அழவில்லை. நான்தான் அழுதுகொண்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் பெரிய மாறுதல் வந்தது. சோதனைத் திடலை மூடவேண்டும் என்று எல்லா இடங்களிலும் கூட்டம் கூடினார்கள். கடைசியில் மூடியும் விட்டார்கள். எங்கள் ஊரில் குதிரைப் பந்தயம் வைத்துக் கொண்டாடினோம். பல்கியாவின் கை சுத்தம் என்று செய்தித்தாளே சொல்லிவிட்ட பிறகு, பெண்கள் வெட்கத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். புதிய பண்ணைத் தலைவர் தஸ்தான் அவளைக் கூட்டத்துக்கு அழைத்தார். சால்வை போர்த்தி, "எங்க பாலுக்கு உங்க பேரைத்தான் வைக்கப் போறோம் அக்கா. டவுன்ல விக்கப் போறோம்" என்றார். கைதட்டினார்கள்.

அண்ணி சால்வையைக் கழற்றி மடித்தாள்.

"முதல்ல பாலைச் சோதிச்சுப் பாருங்க" என்றாள்.

"எதுக்கு அக்கா? மாட்டுக் காய்ச்சல்னு சொன்னதுதான் பொய்னு ஆயிடுச்சே."

"காய்ச்சல்தான் பொய். பாலுல விஷம் இருந்தது நிஜம். டாக்டர் அவங்க வாயாலயே சொன்னாங்க. இப்ப இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டி வச்சிருக்கிறவங்களைக் கூப்பிட்டுப் பாத்துட்டு வில்லுங்க. டவுன்லயும் புள்ளைங்க இருக்கு."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "ஏன் அக்கா எங்க வயித்துல அடிக்கிறீங்க? பால் ஒண்ணுதான் எங்களுக்கு இருக்கு" என்றாள். தஸ்தான் சிரித்துச் சமாளித்துப் பார்த்தார். பிறகு குரல் மாறியது.

"இந்தப் பேச்சை வெளியில பேசாதீங்க. பேசினா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"அன்னைக்கு நான் சொல்லாத ஒண்ணை நம்பி என்னை ஒதுக்கினீங்க. இன்னைக்குச் சொல்றேன், நம்ப மாட்டேங்குறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

அவள் அத்தோடு விடவில்லை. நகரத்து அலுவலகங்களுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தாள். முன்பிருந்த நாடே அப்போது இல்லாமல் போயிருந்தது. யாரைக் கேட்பது என்று அங்கிருந்தவர்களுக்கே தெரியவில்லை. ஓர் அதிகாரி கருவி மாஸ்கோவுக்குப் போய்விட்டது என்றார். இன்னொருவர், பால் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார். ஊரில் திரும்பவும் பெண்கள் வேறு தெருவில் போக ஆரம்பித்தார்கள். அவள் வீட்டு வேலியை ஒருநாள் யாரோ பிடுங்கிப் போட்டார்கள். நான் கட்டிக்கொடுத்தேன். மறுபடி பிடுங்கினார்கள்.

"விட்டுடுங்க அண்ணி. உங்களுக்கு என்ன இதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லதான். அந்தம்மா தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க. நானும் மூடிக்கிட்டா எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

தொண்ணூற்றேழாம் வருஷம் மார்ச்சில் அவள் செத்துப்போனாள். நெஞ்சுவலி. சாவுக்கு என்ன காரணம் என்று நான் கேட்டபோது, புதிதாக வந்த இளம் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வயசாயிடுச்சு, வேற என்ன காரணம் வேணும்?" என்றார். தரை உறைந்து கிடந்தது. பழைய டயர்களைப் போட்டு எரித்து மண்ணை இளக்கித்தான் குழி வெட்ட முடிந்தது. என் மகன்கள் வெட்டினார்கள். ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். தஸ்தான் வரவில்லை. உடம்பைக் குளிப்பாட்ட ஒருத்தியும் முன்வராததால் நான்தான் குளிப்பாட்டினேன். விரல் இடுக்குகளில் அந்த வெடிப்புகள் அப்படியே இருந்தன.